எத்தனை பேரில் எத்தனை பேர்

தூத்துக்குடி என்றதும் வெளியூர்க்காரர்கள் முதலில் முத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நானும் சளைக்காமல் ஒரே பதிலைச் சொல்வேன். எங்கள் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அப்போது என் அப்பாவே பிறக்கவில்லை. அதற்குப் பிறகு திரேஸ்புரத்தில் கடலுக்குள் முங்குகிறவர்கள் முங்குவதெல்லாம் சங்குக்காகத்தான். அப்பாவும் சங்கு குளிக்கிறவர்தான். ஐப்பசியில் தொடங்கி வைகாசிக்கு முன்னால் வரை, தண்ணீர் தெளிவாக இருக்கிற நாளெல்லாம் விடியுமுன்னே வள்ளத்தில் போய்விடுவார். முகத்தில் கண்ணாடி, காலில் தகடு, இடுப்பில் வலைப்பை. சங்கு நகர்ந்தால் அடிமணலில் ஒரு தடம் விழும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் தடம் முடிகிற இடத்தில் மணலுக்குள் சங்கு இருக்கும்.

கரைக்கு வந்ததும் அளவு பார்ப்பார்கள். சங்கின் குறுக்களவு 57 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. பழைய ஆட்கள் இரண்டேகால் இஞ்சு என்பார்கள். வட்டமாக ஓட்டை போட்ட ஒரு கட்டை. ஓட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் விழுந்தால் அது குஞ்சுச் சங்கு, திரும்பக் கடலில் போட வேண்டியது. ஓட்டையில் நின்றுவிட்டால் தேறியது. தேறிய சங்குதான் மூட்டையாகி, வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகும். அந்தக் கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து, விழுந்தது எத்தனை, நின்றது எத்தனை என்று எண்ணுவது சின்ன வயதில் எனக்குப் பிடித்த வேலை. பல்கலைக்கழகச் சேர்க்கை விகிதம் என்ற ஒன்றைப் பின்னாளில் நான் புரிந்துகொள்ள உதவப்போவது இந்தக் கட்டைதான் என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன்.

2010-ல் ப்ளஸ் டூ முடித்தேன். நுழைவுத் தேர்வை எடுத்துவிட்ட பிறகு வந்த நாலாவது செட் நாங்கள். 1984-லிருந்து பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தமிழ்நாட்டில் தனி நுழைவுத் தேர்வு இருந்தது. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2007 சேர்க்கையிலிருந்து அது இல்லாமல் போனது. கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை நூற்றுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கிக் கூட்டினால் 200-க்கு ஓர் எண் வரும். அதுதான் கட்-ஆஃப். எனக்கு 187.75. எங்கள் தெருவில் இந்த எண் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. "நல்ல மார்க்கா, சுமார் மார்க்கா?" என்று அம்மா கேட்டாள். மற்றவர்கள் எடுத்ததைப் பொறுத்து என்றேன். "இது என்ன பதில்?" என்றாள். அன்றைக்கு அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை என்று அரசு அறிவித்ததும் அந்த வருஷம்தான். அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அலுவலகத்தில் இருந்தவர் குடும்ப விவரத் தாளை விரித்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்: தாத்தா பட்டதாரியா, பாட்டி பட்டதாரியா, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா? ஒவ்வொன்றுக்கும் அப்பா "இல்ல சார்" என்றார். பாட்டியின் பேர் வந்தபோது மட்டும் சிரித்துவிட்டார். அலுவலரும் சிரித்தார். "சிரிக்காதீங்க, இந்த 'இல்ல'க்குத்தான் இப்ப காசு" என்றார்.

பிறகு ரேண்டம் நம்பர் வந்தது. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி ஒரு பத்து இலக்க எண்ணைப் போட்டுத் தரும். ஒரே கட்-ஆஃப் வாங்கியவர்கள் பலர் இருந்தால் முதலில் கணக்கு மதிப்பெண் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியல். அதுவும் சமமாக இருந்தால் போகப்போக வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த நாள்கூட ஒன்றாகிவிட்டால்தான் இந்த எண்ணுக்கு வேலை. பேப்பரில் வந்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லாம் படிச்சு முடிச்சு கடைசில சீட்டுக் குலுக்கலா?" என்றார். லட்சக்கணக்கானவர்களை 200-க்குள் அடைக்கும்போது, கால் மதிப்பெண் இடைவெளியில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். அவர்களுக்குள் யார் உசத்தி என்று எந்தத் தேர்வாலும் சொல்ல முடியாது. ஆனாலும் யாரையாவது முன்னால் நிறுத்தித்தானே ஆக வேண்டும்? அந்தச் சங்கடத்தை மூடி மறைக்காமல் ஓர் எண்ணாக அச்சடித்து அனுப்பிய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஜூலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினோம். பெட்டியில் பாதிப்பேர் கவுன்சலிங்குக்குப் போகிற பிள்ளைகளும் அப்பாக்களும். எல்லார் மடியிலும் ஃபைல். கோவில்பட்டியில் ஏறிய ஒருவர், ஆசிரியராக இருக்க வேண்டும், ஒவ்வொரு பையனிடமும் கட்-ஆஃப் கேட்டு, "உனக்கு இது கிடைக்கும், உனக்கு இது கிடைக்காது" என்று சோசியம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரிடம் கேட்டார்: "சார், கிண்டி காலேசுக்கு எத்தன பேரு கேக்காங்க, எத்தன பேர எடுப்பாங்க?" அவர் யோசித்தார். கிண்டியில் எத்தனை இடம் என்று தெரியும். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. "எல்லாருந்தான் கேக்காங்க" என்றார். விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் சரியான பதில்.

அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் கூட்டம் திருவிழா மாதிரி இருந்தது. முன்பணம் ஐயாயிரம் ரூபாய் கட்டி, சான்றிதழ் சரிபார்த்து, உள்ளே போவதற்கு முன்னால் பெரிய திரைக்கு எதிரில் உட்கார வைத்தார்கள். திரையில் வரிசை வரிசையாகக் கல்லூரிகள். ஒவ்வொரு கல்லூரிக்கும் பாடப்பிரிவு வாரியாக ஏழு பத்திகள்: ஓ.சி., பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. ஒவ்வொரு கட்டத்திலும் மிச்சம் இருக்கிற இடம். யாரோ உள்ளே ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததும் திரையில் ஒரு கட்டத்தில் எண் ஒன்று குறையும். இரண்டு, ஒன்று, பூஜ்யம். அப்பாவுக்குக் கல்லூரிப் பேர்களை வாசிக்க வராது. எண்கள் நன்றாகத் தெரியும். எங்கள் பத்தியை விரலால் காட்டி, அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கடைசிப் பத்தில இன்னும் நாலு இருக்கே?" என்று ஒரு பையன் தன் அப்பாவிடம் கேட்டான். "அது நமக்கில்ல, நம்மது இது" என்றார் அவர். நான் உள்ளே போனபோது திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் முறையில் சேர்க்கை விகிதம் என்று ஒன்று இருக்க முடியாது என்பதை அந்தத் திரைதான் எனக்குக் காட்டியது. ஒரே விண்ணப்பம், நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள். விண்ணப்பம் போட்ட எல்லாரும் எல்லாக் கல்லூரிகளையும் கேட்டதாகத்தான் அர்த்தம். 199 எடுத்தவரும் கிண்டியைக் கேட்கிறார், 99 எடுத்தவரும் கேட்கிறார். அப்படிப் பார்த்தால் கிண்டியின் விகிதம் தலைசுற்றுகிற அளவுக்குச் சிறியது. ஆனால் யாரும் அதைக் கணக்குப் போடுவதில்லை, போட்டாலும் பயனில்லை. நமக்கு வேண்டியது வேறொன்று: போன வருஷம் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடத்தில், நம் பத்தியில் கடைசியாக இடம் வாங்கியவரின் தரவரிசை என்ன? கோவில்பட்டிக்காரர் ரயிலில் சொன்ன சோசியத்தின் ரகசியம் அவ்வளவுதான். முந்தின வருஷக் கட்-ஆஃப் பட்டியலை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

படித்து முடித்து, சிவிலுக்குச் சம்பந்தமில்லாமல் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். சதவீதம் என்ற பூதத்தை அங்கேதான் சந்தித்தேன். 2021-ல் உடன் வேலை பார்த்த ஒருவரின் மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். அவர் தினமும் ஓர் எண்ணைச் சொல்லி மலைத்துப்போவார். "ஹார்வர்டுல நூத்துக்கு மூணரை பேருக்குத்தான் கிடைக்குதாம். போன வருஷம் கிட்டத்தட்ட அஞ்சு. ஒரே வருஷத்துல இவ்வளவு கஷ்டமாயிடுச்சு பாருங்க." எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரே வருஷத்தில் கல்லூரி எப்படி அவ்வளவு கஷ்டமாகும்?

கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஹார்வர்டுக்கு 2020 சேர்க்கையில் விண்ணப்பித்தவர்கள் 40,248 பேர். எடுத்தது 1,980 பேரை. 2021-ல் விண்ணப்பித்தவர்கள் 57 ஆயிரத்துக்கும் மேல். எடுத்தது 1,968 பேரை. எடுத்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான். கோவிட் காலத்தில் எஸ்.ஏ.டி. மதிப்பெண் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை "நம்ம மார்க்குக்கு அங்கே வேலையில்லை" என்று ஒதுங்கியிருந்தவர்கள் எல்லாம் ஒரு கை பார்ப்போம் என்று போட்டுவிட்டார்கள். கதவு அப்படியே இருந்தது, வரிசைதான் நீண்டது.

அமெரிக்க எண்கள் இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே பொது விண்ணப்பம் ஒன்றை வைத்துக்கொண்டு இருபது கல்லூரிகள் வரை போடலாம். ஒரு பிள்ளை இருபது வரிசைகளில் நின்றால் இருபது கல்லூரிகளின் விகிதமும் இறங்கும். கடைசியில் அது சேரப்போவது ஒன்றில்தான். இங்கிலாந்தில் ஐந்து விண்ணப்பத்துக்கு மேல் போட முடியாது. அதிலும் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே வருஷத்தில் சேர்த்துப் போட முடியாது. அதனால் ஆக்ஸ்போர்டின் விகிதம் ஹார்வர்டை விடப் பல மடங்கு அதிகம். அதை வைத்து ஆக்ஸ்போர்டில் நுழைவது சுலபம் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். இந்த எண்ணை வைத்து ஆடுகிற ஆட்டம் கல்லூரிகளுக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும். 2018-ல் ஸ்டான்போர்டு சேர்க்கை முடிந்ததும் விகிதத்தைப் பறைசாற்றும் வழக்கத்தை நிறுத்திக்கொள்வதாகச் சொன்னது. அதே வருஷம் யு.எஸ். நியூஸ் பத்திரிகையும் தன் தரவரிசைக் கணக்கிலிருந்து சேர்க்கை விகிதத்தை எடுத்துவிட்டது.

2021 கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். சங்கு சீசன். முற்றத்தில் உட்கார்ந்து வலைப்பையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டுவிட்டு ஊசியைக் கீழே வைத்தார்.

"யய்யா, புதுப்பய ஒருத்தன் நூறு சங்கு அள்ளிட்டு வாரான்னு வையி. கட்டைல வச்சுப் பாத்தா அறுவது உள்ள விழுந்துரும். நாப்பதுதான் தேறும். பழைய ஆளு அப்பிடி அள்ள மாட்டான். கீழயே கைல தடவிப் பாத்துருவான். தேறாததத் தொடவே மாட்டான். அவன் கொண்டாந்தது நாப்பதுதான். நாப்பதும் நிக்கும். இப்ப சொல்லு, ஓட்ட பெருசாயிருச்சா?"

ஓட்டை அதேதான். ஒருவனுக்கு நூற்றுக்கு நாற்பது. இன்னொருவனுக்கு நூற்றுக்கு நூறு. இரண்டு பேருக்கும் கைக்காசு ஒன்று. விகிதம் சொன்னது கட்டையைப் பற்றியல்ல, பையில் என்ன போட்டுக்கொண்டு வந்தார்கள் என்பதைப் பற்றி. கடலடியில் விரலால் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற வேலையைக் கட்டை பார்ப்பதே இல்லை. மறுவாரம் ஆபீசில் அந்த நண்பரிடம் இதைச் சொன்னபோது, இரண்டு நாளைக்கு அவர் சதவீதம் பேசவில்லை.

திரேஸ்புரத்துக்கு இந்தப் பூதம் வேறு உருவத்தில் வந்து சேர்ந்தது. 2024 நவம்பரில், ஜே.இ.இ. மெயினுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிய நேரம். நான் ஊரில் இருந்தேன். அடுத்த வீட்டுப் பெண் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். உயிரியலும் கணக்கும் சேர்ந்த குரூப். "மாமா, ஐ.ஐ.டி.ல நூத்துல ஒருத்தரத்தான் எடுப்பாங்களாமே. சும்மா எதுக்கு ஃபீஸ் கட்டணும்?" என்றாள். அவள் அம்மா பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டே, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் நோட்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதினேன். 2024-ல் 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இடங்கள் 17,740. ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் சுமார் 14 லட்சத்து 15 ஆயிரம் பேர். அதால் வகுத்தால் நூற்றுக்கு ஒண்ணேகால். அவள் கேள்விப்பட்டது இந்த எண். ஆனால் மெயின் எழுதுகிற எல்லாரும் ஐ.ஐ.டி.யைக் கேட்பவர்கள் இல்லை. என்.ஐ.டி.க்கும் மற்ற கல்லூரிகளுக்கும் அதே தேர்வுதான். மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தால்தான் அட்வான்ஸ்டு எழுதலாம். அதை எழுதியவர்கள் 1,80,200 பேர். அதால் வகுத்தால் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பத்து. அதில் தேறியவர்கள் 48,248 பேர். அதால் வகுத்தால் நூற்றுக்கு முப்பத்தேழு. ஒரே வருஷம், ஒரே கல்லூரிகள், அதே இடங்கள். கீழே எந்த எண்ணைப் போடுகிறோமோ அதற்குத் தக்க விடை மாறுகிறது.

"இதுல எது நெசம் மாமா?" என்றாள். மூன்றும் நிஜம்தான். பேப்பரில் போட ஒண்ணேகால் நன்றாக இருக்கும். கோச்சிங் சென்டர் நோட்டீசுக்கும் அதுதான் தோது. பயப்படுகிறவன்தானே ஃபீஸ் கட்டுவான்! படிக்கிற பிள்ளைக்கோ, தான் எந்த வாசலில் நிற்கிறோம் என்று பார்த்து, அந்த வாசலுக்குரிய எண்ணை எடுத்துக்கொள்வதுதான் உபயோகம். அதோடு, அவள் பெண். 2018-லிருந்து ஐ.ஐ.டி.களில் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உண்டு. 2020-ல் பெண்களின் பங்கு நூற்றுக்கு இருபதாவது இருக்கும்படி அதை உயர்த்தினார்கள். ஆக, மேலே எழுதிய மூன்று எண்ணில் ஒன்றுகூட அப்படியே அவளுடையது அல்ல.

கவுன்சலிங் திரையில் பார்த்த ஏழு பத்திகள் இப்படித்தான் எல்லா இடத்திலும் ஒளிந்திருக்கின்றன. ஹார்வர்டு மீது நடந்த வழக்கு ஒன்றில் அதன் சேர்க்கைக் கணக்குகள் நீதிமன்றத்துக்கு வந்தன. 2014 முதல் 2019 வரை பட்டம் பெற வேண்டிய வகுப்புகளில், அங்கே படித்தவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 33 பேருக்கு மேல் இடம் கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கு நூற்றுக்கு ஆறு. வெளியில் சொன்ன ஒற்றை எண்ணுக்குள் இந்த இரண்டும் கரைந்து கிடந்தன. நம் ஊரில் இட ஒதுக்கீட்டைத் திட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அங்கேயும் பத்திகள் இருந்தன. திரை மட்டும் இல்லை.

பத்தி மாறினால் விகிதம் எப்படி மாறும் என்பதற்கு நம் கண்முன்னாலேயே சாட்சி இருக்கிறது. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியில் படித்து மருத்துவம் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை வந்தது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமானதும், அந்த ஒரே வருஷத்தில் பல் மருத்துவமும் சேர்த்துச் சுமார் நானூறு பேருக்கு இடம் கிடைத்தது. ஒரே வருஷத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மூளை வளர்ந்துவிடவில்லை. அதே பிள்ளைகள், அதே வாத்தியார்கள்.

விகிதம் கூடுதலாக இருப்பதும் ஒரு பொறிதான். என் காலத்திலேயே பொறியியல் கவுன்சலிங் முடியும்போது ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடந்தன. தேர்ச்சி பெற்ற யாருக்கும் ஏதோ ஒரு கல்லூரியில் இடம் உண்டு. மொத்தமாகக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நூறு என்று சொல்லிவிடலாம். எங்கள் தெருவுக்கு வந்த ஏஜென்ட்டுகள் சொன்னதும் அதைத்தான்: "உங்க பையனுக்கு சீட் கன்ஃபார்ம்ணே." என்னோடு படித்த ஒருவன் அப்படி 'கன்ஃபார்ம்' ஆன கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். ஆய்வகத்தில் கருவிகள் இருந்தன, கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. பட்டத்தை வாங்கிக்கொண்டு இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு எழுதுகிறான். எளிதாகத் திறக்கிற கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல யாரும் இல்லை.

கட்-ஆஃபையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2011-ல் டெல்லி ஸ்ரீராம் வணிகக் கல்லூரி பி.காம். ஹானர்ஸுக்கு, பள்ளியில் வணிகவியல் எடுக்காத மாணவர்களுக்கு நூற்றுக்கு நூறு என்று கட்-ஆஃப் அறிவித்தபோது நாடே வாயைப் பிளந்தது. டெல்லியில் அப்போதிருந்த முறை நம்முடையதுக்குத் தலைகீழ். நமக்குக் கட்-ஆஃப் என்பது சேர்க்கை முடிந்த பிறகு தெரிகிற விளைவு. அங்கே கல்லூரி முன்கூட்டியே அறிவிக்கும். அந்த மதிப்பெண்ணோடு வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொண்டாக வேண்டும். ஐம்பது இடத்துக்கு இருநூறு பேர் வந்துவிட்டால் உட்கார வைக்க இடம் இருக்காது. அந்தப் பயத்தில்தான் கோட்டை உச்சியில் போட்டார்கள். 2021-லும் பல கல்லூரிகளில் நூறு வந்தது. அடுத்த வருஷம் பொது நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்து அந்த முறையையே மாற்றிவிட்டார்கள்.

இந்த எண்களோடு எல்லாம் மல்லுக்கட்டி முடித்த பிறகுதான் இன்னொரு கணக்கு என்னை உறுத்த ஆரம்பித்தது. ஆரம்பப் பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு ஒருவன் வள்ளத்தில் ஏறினான். கடலுக்குப் போனால் அன்றைக்கே கையில் காசு. பத்தாவது பெயிலாகி இன்னொருவன் ஐஸ் கம்பெனிக்குப் போனான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி; பதினொன்றாம் வகுப்பு திறக்கிற நேரத்தில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். இவர்கள் யாரையும் எந்தப் பல்கலைக்கழகமும் நிராகரிக்கவில்லை. நிராகரிக்க வேண்டுமானால் விண்ணப்பம் வந்திருக்க வேண்டும். நூற்றுக்கு மூணரை, நூற்றுக்கு ஒண்ணேகால் என்று உலகம் மலைக்கிற அந்த எண்களின் அடியில் இருக்கிற கூட்டத்தில்கூட இவர்கள் இல்லை.

தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977-லிருந்து இருக்கிறது. திரேஸ்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். மீனவர் பிள்ளைகளுக்கென்று தனி இடங்களும் உண்டு. மீனைப் பற்றியும் கடலைப் பற்றியும் படிக்கிற பட்டப்படிப்பு. என் காலத்தில் எங்கள் தெருவிலிருந்து யாரும் அதற்கு விண்ணப்பம் போட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் போடவில்லை. அங்கே எத்தனை பேரில் எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. அப்படி ஓர் இடம் எங்களுக்காகவும் இருக்கலாம் என்று தோன்றியதில்லை.

அடுத்த வீட்டுப் பெண் அன்றைக்கு ஜே.இ.இ.க்கு ஃபீஸ் கட்டினாள். முதல் இரண்டரை லட்சத்துக்குள் வரவில்லை. அழுதாள், ஒரு நாள் சாப்பிடவில்லை. பிறகு அதே நோட்டில் அவளே ஒரு பட்டியல் போட்டாள்: எந்தெந்தக் கல்லூரி, எந்தப் பாடம், போன வருஷம் அவளுடைய பத்தியில் கடைசியாகச் சேர்ந்தவரின் தரவரிசை, அதற்கும் முந்தின வருஷம் எவ்வளவு. சதவீதம் என்று ஒரு பத்தி அதில் இல்லை. கிடைக்கவே கிடைக்காது என்று தோன்றியவற்றையும் மேலே எழுதியிருந்தாள், கட்டாயம் கிடைக்கும் என்பதைக் கீழே. மீன்வளப் பட்டப்படிப்பு நடுவில் இருந்தது. அதில் இடம் கிடைத்து, இப்போது தூத்துக்குடியிலேயே படிக்கிறாள். சங்கு எத்தனை வருஷத்தில் 57 மில்லிமீட்டர் வளரும் என்று என் அப்பாவிடம் வந்து கேட்டுவிட்டு, அவர் சொல்வதையும் பாடத்தில் இருப்பதையும் ஒப்பிட்டு அவரோடு சண்டை போடுகிறாள். "காலேசுல படிச்சா கடலு தெரிஞ்சிருமா?" என்று அவர் கத்த, அம்மா உள்ளிருந்து சிரிக்கிறாள்.

அவள் போனதைப் பார்த்து எங்கள் தெருவில் இன்னும் சில பிள்ளைகள் விண்ணப்பம் போடப்போகிறோம் என்கிறார்கள். அவர்களில் எல்லாருக்கும் இடம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குக் கிடைக்காமல் போகலாம். அப்படிப் போனால் கல்லூரியின் கணக்கில் சேர்க்கை விகிதம் ஒரு துளி இறங்கும். அது போட்டி கூடிவிட்டது என்று யாராவது எழுதினால் எழுதட்டும். எங்கள் தெரு முதல்முறையாகக் கணக்கில் சேர்ந்ததால் வந்த இறக்கம் அது.